கிணற்று நீரும் சலவைத்தூளும்

தெளிந்து தோன்றும் நீரெல்லாம் தூய நீர் அன்று. மழைக்காலத்தில் கழிவுநீர் கிணற்றில் இறங்கினால், காலரா, வயிற்றுப்போக்கு முதலிய நோய்களின் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாமலே நம் குடத்திற்கு வந்துவிடும். அவற்றை அழிக்க எளிய வழி, பிளீச்சிங் பவுடர் எனப்படும் சலவைத்தூள். இது நீரில் கரையும்போது உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலமே கிருமிகளைக் கொல்கிறது.

எங்கள் ஊரில் இத்தூளைக் கைப்பிடிக் கணக்கில் அள்ளிப் போடுவதே வழக்கம். குறைந்தால் கிருமி சாகாது. மிகுந்தால் நாற்றம் தாளாமல் மக்கள் குளத்து நீரை நாடுவர். கணக்கோ எளிது. 3 மீட்டர் விட்டமும் 4 மீட்டர் நீராழமும் உள்ள வட்டக் கிணற்றில், உருளையின் கன அளவுச் சூத்திரப்படி, ஏறத்தாழ 28,000 லிட்டர் நீர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 70 கிராம் நல்ல தூள் போதும். திறந்து கிடந்த பழைய தூள் வீரியம் இழந்திருக்கும்.

தூளை வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின், தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் இறைக்கலாம். அப்போது லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருத்தல் வேண்டும்.

கல்லூரியில் பயிலும் நாம் இக்கணக்கை நம் ஊராருக்கும் சொல்லிக்கொடுப்போமாக!