ஒரு தட்டு 4 டாலர் 77 சென்ட்

மூன்று பவுண்டு மாட்டிறைச்சி, 82 கிராம் காய்ந்த மிளகாய், ஒரு பெரிய வெங்காயம், மூன்று மணி நேரம். டெக்சாஸ் வீடுகளில் ஆறு பேர் வயிறார உண்ணும் சில்லிக்கு முக்கியமாக வேண்டியது இவ்வளவுதான். மொத்தச் செலவு 28 டாலர் 60 சென்ட். அதில் 24 டாலர், அதாவது நூற்றுக்கு 84, கறிக்கே போய்விடுகிறது. மிளகாயின் பங்கு 2 டாலர் 50 சென்ட், நூற்றுக்கு 9கூட வராது. தட்டில் இருப்பதைச் சில்லி ஆக்குவது அந்த 9 பங்கு. காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் மிளகாயில்தான் கை வைக்கிறார்கள். அதில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

விலை கடைக்குக் கடை மாறும். இந்தக் கணக்குக்காகச் சக் என்னும் தோள்பட்டைக் கறியைப் பவுண்டு 8 டாலர் என்று வைத்திருக்கிறேன். மற்றவை: வெங்காயம் 90 சென்ட், பாதிப் பூண்டு 35, சீரகம் 15, மெக்சிகன் ஆரிகனோ 10, எண்ணெய் 20, கெட்டிப்படுத்த இரண்டு மேசைக்கரண்டி மாசா என்னும் மக்காச்சோள மாவு 5, உப்பும் வினிகரும் சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து 10, எரிபொருள் 25. எல்லாம் கூட்டினால் 2 டாலர் 10 சென்ட். சீரகத்துக்கு 15 சென்ட் போட்டது இந்தியக் கடைப் பொட்டலத்தை வைத்து. சூப்பர் மார்க்கெட்டின் சின்னக் குப்பியில் வாங்கினால் இதுவே பல மடங்காகும்.

கறியின் எடைக் கணக்கைப் பார்க்காமல் விலைக் கணக்கு முழுமையாகாது. 3 பவுண்டு என்பது 1,361 கிராம். கெட்டிக் கொழுப்பையும் மேல்தோலாக ஒட்டியிருக்கும் வெள்ளைப் படலத்தையும் சீவினால் 100 கிராம் போகும். மீதி 1,260 கிராம் வெந்து முடியும்போது ஏறத்தாழ 820 கிராமுக்குச் சுருங்கும். கடையில் கிலோ 17 டாலர் 60 சென்ட்டாக இருந்த கறி, தட்டுக்கு வரும்போது கிலோ 29 டாலராகிவிடுகிறது. சுருங்கிய 440 கிராம் வீணாவதில்லை; நீரும் கொழுப்புமாக இறங்கிக் குழம்போடு சேர்கிறது. ஆறாகப் பிரித்தால் தட்டுக்கு 136 கிராம் கறி, குழம்போடு சேர்த்து 330 கிராம் வரை.

இனி மிளகாய். ஆன்சோ 4, எடை 55 கிராம். குவாஹியோ 4, எடை 25 கிராம். ஆர்போல் 2, எடை 2 கிராம். ஆன்சோ, மெக்சிகோவின் பொப்ளானோ மிளகாயைப் பழுக்கவிட்டு உலர்த்தியது. உலர்திராட்சை வாசம் அடிக்கும், காரம் 1,000 முதல் 2,000 ஸ்கோவில். குவாஹியோ 2,500 முதல் 5,000. ஆர்போல் 15,000 முதல் 30,000. வில்பர் ஸ்கோவில் 1912-இல் வகுத்த இந்த அளவையை வைத்து ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கலாம். மூன்று வகைக்கும் நடுத்தர மதிப்பைக் கொண்டு எடையால் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 2,21,000 வருகிறது. குண்டூர் மிளகாயை 35,000 என்று கொண்டால், இதே காரத்தை 6 கிராம் குண்டூர் மிளகாய் தந்துவிடும். இரண்டரைத் தேக்கரண்டித் தூள், அவ்வளவுதான்!

நம் வீட்டு மிளகாய்த்தூளைப் போட்டுச் சில்லி செய்தால் காரம் இருந்தும் சப்பென்று இருப்பது இதனால்தான். காரத்துக்கு 6 கிராம் போதும். ஆனால் குழம்புக்குக் கெட்டியும் இனிப்பும் செங்கல் நிறமும் தருவது மீதி 76 கிராம் சதை. ஆன்சோ கிடைக்காத ஊரில் காஷ்மீரி மிளகாயை அதே எடைக்குப் போடலாம். காரம் ஏறத்தாழ அதே அளவு, நிறத்துக்கும் குறைவில்லை. திராட்சை வாசம் மட்டும் வராது.

அமெரிக்க அதிபரின் மனைவியாக லேடி பேர்ட் ஜான்சன் வெள்ளை மாளிகையில் இருந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் அட்டையில் அச்சிட்டுக் கொடுத்த பெடர்னாலஸ் ஆற்றுச் சில்லியில் 4 பவுண்டு கறிக்கு 6 தேக்கரண்டிச் சில்லி பவுடர். அந்தப் பவுடரில் சீரகமும் ஆரிகனோவும் பூண்டும் கலந்திருக்கும். ஆகக் கிலோ கறிக்கு 9 கிராம் கலவைத்தூள். நம் கணக்கில் காம்பும் விதையும் நீக்கிய பிறகும் கிலோவுக்கு 40 கிராமுக்கு மேல் மிளகாய்ச் சதை நிற்கிறது. ஜான்சன் வீட்டுச் சில்லி புகழ்பெற்றது என்பதில் சந்தேகமில்லை. என் நாக்குக்கு அது நீர்த்த குழம்பு.

மிளகாயை வெறும் சட்டியில் பக்கத்துக்கு 20 வினாடி காட்டினால் போதும். வாசம் கிளம்பியதும் எடுத்துவிட வேண்டும். கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து மை போல அரைக்க வேண்டும். கறியை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, மூன்று ஈடாகச் சிவக்க வறுக்க வேண்டும். ஒரே ஈடாகக் கொட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டு சட்டி 100 டிகிரியிலேயே நின்றுவிடும். கறி சிவக்க 140 டிகிரி தாண்ட வேண்டும். மூன்று ஈட்டுக்கும் சேர்த்து 20 நிமிடம்.

தோள்பட்டைக் கறியில் ஜவ்வு அதிகம். அந்த ஜவ்வு 70 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாகக் கரைந்து ஜெலட்டினாகும். அதனால்தான் மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரத்தில் கறி முன்பைவிடக் கெட்டியாகித் தெரியும். அதைக் கண்டு பயந்து தீயைக் கூட்டக் கூடாது. இரண்டாவது மணியில் ஒரு துண்டை எடுத்துக் கரண்டியால் அழுத்தினால், வெள்ளையாக இருந்த ஜவ்வு கண்ணாடி போலத் தெளிந்து, இழைகளுக்கு நடுவே வழுக்கும். மூன்றாவது மணியில் கரண்டி பட்டதும் துண்டு பிளக்கும். நான்கைத் தாண்டினால் நார் நாராகப் போய்விடும்.

திறந்த சட்டிக்கு ஒரு லிட்டர் தண்ணீர்; மூன்று மணியில் அதில் 700 மில்லி ஆவியாகும். ஒரு லிட்டர் ஆவியாக 0.63 யூனிட் வெப்பம் வேண்டும் என்பதால், சுண்டுவதற்கு மட்டும் 0.44 யூனிட். ஸ்லோ குக்கரில் நீர் அவ்வளவாக ஆவியாகாது; அரை லிட்டர் தாராளம். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட், யூனிட் 15 சென்ட் என்றால் 24 சென்ட். மின் ஓவனில் மூடி போட்டு 3 மணி நேரம் வைத்தால், மணிக்கு ஒன்றரை யூனிட் என்று கொண்டு, 68 சென்ட். எந்த வழியில் போனாலும் எரிபொருள் ஒரு டாலருக்குள் அடங்குகிறது.

சில்லி ஒருகாலத்தில் இல்லாதவர்களின் உணவு. சான் அன்டோனியோவின் மிலிட்டரி பிளாசாவில் 1880-களிலிருந்து மெக்சிக வம்சாவளிப் பெண்கள் மாலையில் மேசை போட்டு, விளக்கேற்றி, சில்லி விற்றார்கள். ஊர் அவர்களைச் சில்லி ராணிகள் என்று அழைத்தது. ஒரு கிண்ணம், ரொட்டி, தண்ணீர் சேர்த்து 10 சென்ட். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோ சில்லிக் கடை போட்ட பிறகு நாடே அதை அறிந்தது. 1930-களின் பிற்பாதியில் சுகாதாரக் காரணம் காட்டி நகராட்சி அந்த மேசைகளை அப்புறப்படுத்தியது. 1977-இல் டெக்சாஸ் சட்டமன்றம் சில்லியை மாநில உணவாக அறிவித்தது. அந்தப் பெண்களில் பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

அந்த 10 சென்ட்டை இன்றைய காசில் பார்ப்போம். அமெரிக்க விலைவாசிக் குறியீட்டின்படி 1913-இன் 10 சென்ட் 2024-இல் 3 டாலர் 20 சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. நம் தட்டு, கூலியே போடாமல், 4 டாலர் 77 சென்ட். அன்று சமைத்துப் பரிமாறி லாபமும் வைத்து விற்ற விலைக்கு இன்று வீட்டில்கூடச் செய்ய முடியவில்லை. காரணம் கறி. வறட்சியில் மேய்ச்சல் குறைந்து பண்ணைக்காரர்கள் மந்தையைக் கழித்ததில், 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் மாட்டுத் தொகை 8 கோடியே 67 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை அதுவே குறைவு. அரைத்த கறியே 2025 கோடையில் சராசரி பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டியது.

இங்கேதான் பீன்ஸ் வருகிறது. டெக்சாஸ் சில்லிப் போட்டிகளில் பீன்ஸ் போட்டால் தகுதி போய்விடும். வீட்டில் அந்தச் சட்டம் செல்லாது. ஒரு பவுண்டு காய்ந்த பின்டோ பீன்ஸ் 1 டாலர் 60 சென்ட். வெந்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும். ஆறு தட்டு பத்தாகும். 30 டாலர் 20 சென்ட்டைப் பத்தால் வகுத்தால் தட்டு 3 டாலர் 2 சென்ட். கறி தட்டுக்கு 82 கிராம், மிளகாய் அப்படியே. சில்லி ராணிகளின் விலைக்குள் வந்துவிட்டோம். தனியாக வேகவைத்துப் பக்கத்தில் பரிமாறினால் குழம்பும் நீர்க்காது.

சிவப்பு ராஜ்மாவாக இருந்தால் மட்டும் கவனம். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு உண்டு. 4, 5 விதையே வாந்தி எடுக்க வைக்கும். ஸ்லோ குக்கரின் இளஞ்சூட்டில், 80 டிகிரியில் வெந்தால் நச்சு கூடக்கூடச் செய்யும். 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கரில் போட வேண்டும்.

மிஞ்சியதை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். அங்கே 3, 4 நாள் தாங்கும். உறைபெட்டியில் 3 மாதம் வரை. மறுநாள் மேலே ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு உறைந்திருக்கும். மிளகாயின் நிறமும் காரமும் கொழுப்பில் கரைபவை, ஆகவே முழுவதையும் வழித்து எறிந்தால் 2 டாலர் 50 சென்ட் மிளகாயில் ஒரு பங்கும் சேர்ந்து போகும். பாதியை எடுத்து முட்டை பொரிக்க வைத்துக்கொண்டு, மீதியைச் சட்டியிலேயே விட்டுச் சூடுபடுத்துங்கள்.