ஒரு ஈடு வடையும் 36 கிலோமீட்டர் வேகமும்

வேக்போர்டு என்பது இரண்டு கால்களையும் பூட்டிக்கொள்ளும் ஒற்றைப் பலகை. சிறிய மோட்டார் படகு ஒன்று சுமார் இருபது மீட்டர் கயிற்றில் இழுத்துப் போகும். பலகையில் நிற்பவர் படகுக்குப் பின்னால் இரு பக்கமும் விரியும் அலையில் ஏறி எகிறுவார், காற்றில் கரணம் போடுவார், மறுபக்க அலையின் சரிவில் வந்து இறங்குவார். அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், ஏரிகள் நிறைந்த ஓர்லாண்டோ பக்கம் இது சாதாரணக் காட்சி.

பார்ப்பவர் கண்ணெல்லாம் குதிப்பவர் மேல்தான். படகு ஓட்டுபவருக்கு அப்படி என்ன வேலை, மணிக்கு 36 கிலோமீட்டர் வேண்டுமென்றால் அதில் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றும். வடை சுட்டுப் பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

எண்ணெய் காய்ந்து பதத்துக்கு வந்துவிட்டது. நாலு வடையைத் தட்டிப் போடுகிறோம். ஈர மாவு சூட்டை உறிஞ்ச, எண்ணெய் சட்டென்று தணிகிறது. அப்படியே விட்டால் வடை எண்ணெய் குடிக்கும், தீயைக் கூட்டுகிறோம். வெந்த வடையை அரித்து எடுத்ததும் சூட்டை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. கூட்டிய தீயைக் குறைக்காவிட்டால் எண்ணெய் புகையும், அடுத்த ஈடு வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். சூடு ஒரே அளவில் இருக்க வேண்டுமென்றால் தீ ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். படகில் எண்ணெயின் சூடுதான் வேகம், தீதான் எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில், வாணலியில் விழும் வடைதான் கயிற்றின் இழுப்பு.

அந்த இழுப்பு சீரானதல்ல. சறுக்குபவர் முதலில் அலையை விட்டு வெளியே விலகிப் போகிறார். பிறகு பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் அழுத்தி, அலையை நோக்கி வெட்டிக்கொண்டு வருகிறார். நெருங்க நெருங்க அழுத்தம் கூடுகிறது, கயிறு விறைக்கிறது, படகின் பின்புறம் ஒரு பக்கமாக இழுபடுகிறது, வேகம் குறைகிறது. அலையின் உச்சியை விட்டு அவர் எழும்பியதும் கயிற்றின் இழுப்பு ஏறக்குறைய போய்விடுகிறது. அதாவது நாலு வடையையும் ஒரே நேரத்தில் எடுத்தாயிற்று. ஓட்டுபவர் வேகம் குறைந்ததைக் கவனித்துத் த்ராட்டிலைக் கூட்டுவதற்குள் ஆள் காற்றில் இருப்பார். தாமதமாகக் கூட்டிய வேகம், அவர் தண்ணீரில் இறங்கும் நேரம் பார்த்துக் கயிற்றை வெடுக்கென்று இழுக்கும். கை தாமதமானால் ஒரே தாவலில் இரண்டு முறை கெடுத்துவிடும் என்பதுதான் இதில் கொடுமை.

கொஞ்சம் முன்னே பின்னே போனால் என்ன என்று கேட்கலாம். அலையின் வடிவமே வேகத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்தால் உச்சி உடைந்து வெள்ளை நுரையாகச் சரிகிறது. எகிறுவதற்கு அதில் உறுதி இல்லை. கூடினால் அலை இறுகிச் சுத்தமாக இருக்கும், ஆனால் விழுந்தால் தண்ணீர் பலமாக அடிக்கும். அதோடு, அலையின் எந்த இடத்தில் தாம் நிற்கிறோம் என்பதைக் கயிற்றின் நீளம் தீர்மானிப்பதால், சறுக்குபவர்கள் வேகத்தையும் கயிற்றையும் சேர்த்தே சொல்வார்கள். பெரும்பாலும் மணிக்கு 30 முதல் 39 கிலோமீட்டருக்குள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஒரே ஒரு கிலோமீட்டர் மாறினாலும், பழகிய கால் கண்டுபிடித்துவிடும்.

த்ராட்டிலை ஓரிடத்தில் பூட்டிவிட்டால் என்ன? அடுப்பின் திருகை ஒரே இடத்தில் வைப்பதற்குச் சமம் அது, பயனில்லை. எஞ்சினின் சுற்றுகளைப் பூட்டுவது அதைவிட மேல். சுமை ஏறியதும் சுற்று உடனே குறைவதால், வேகமானி அசைவதற்கு முன்பே எஞ்சின் சொல்லிவிடுகிறது. ஆனால் சுற்றும் வேகமும் ஒன்றல்ல. அலையைப் பெரிதாக்க இந்தப் படகுகளின் தொட்டிகளில் ஏரித் தண்ணீரையே நிரப்புவார்கள். ஒரு டன் ஏற்றுவதும் சாதாரணம். அத்தனை எடையோடு ப்ரொப்பெல்லர் தண்ணீரில் அதிகம் வழுக்கும், அதே சுற்றுக்குப் படகு மெதுவாகப் போகும். இரண்டு நண்பர்கள் கூடுதலாக ஏறினாலும், எதிர்க்காற்று அடித்தாலும், வளைந்து திரும்பினாலும் இதே கதைதான். அதனால் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த பெர்ஃபெக்ட் பாஸ் போன்ற கருவிகள், அவசரத்துக்குச் சுற்றையும் நிதானத்துக்கு உண்மையான வேகத்தையும் பார்த்தன.

வேகத்தை எதைக் கொண்டு அளப்பது? பழைய வழி, படகின் அடியில் தண்ணீர் தள்ளிச் சுழலும் ஒரு குட்டிச் சக்கரம். பாசி சிக்கினால் அது பொய் சொல்லும். சீரோ ஆஃப் போன்ற பின்னாளைய கருவிகள் ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டன. ஏரியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நீரோட்டமுள்ள ஆற்றில் அப்படியில்லை: ஜிபிஎஸ் 36 காட்டும்போது எதிர்நீச்சலில் படகு தண்ணீரை 39-இல் கிழிக்கிறது, நீரோட்டத்தோடு போனால் 33-இல். அலைக்குத் தண்ணீரின் கணக்கு வேண்டும். ஸ்லாலம் எனப்படும் நீர்ச்சறுக்குப் போட்டிக்கோ தரையின் கணக்கு வேண்டும். அங்கே சறுக்குபவர் சுற்றி வர வேண்டிய மிதவைகள் நங்கூரமிட்டு நிற்பவை. 259 மீட்டர் தடத்தை 58 கிலோமீட்டர் வேகத்தில் 16.08 வினாடியில் கடக்க வேண்டும். கருவிகள் வருவதற்கு முன் அதை ஓட்டுபவரின் கையும் காதும்தான் பார்த்துக்கொண்டன.

அளந்தாயிற்று. தீயை எவ்வளவு கூட்டுவது என்பதுதான் இதன் மூளை. நல்ல கைப்பழக்கம் உள்ளவர் ஒரே நேரத்தில் மூன்று விஷயங்களைக் கவனிக்கிறார். எண்ணெய் இப்போது எவ்வளவு தணிந்திருக்கிறது என்பது ஒன்று. நிறையத் தணிந்தால் நிறையக் கூட்டுவார். ரொம்ப நேரமாகவே கொஞ்சம் குறைவாக இருக்கிறதா என்பது அடுத்தது. ஈடு ஈடாகப் போட்டுக்கொண்டே இருந்தால் அடிப்படைத் தீயையே ஒரு படி உயர்த்தி வைப்பார். எவ்வளவு விரைவாகக் காய்ந்து வருகிறது என்பது இன்னொன்று. பதத்தைத் தொடுவதற்கு முன்பே குறைத்துவிடுவார், தொட்ட பிறகு அல்ல. பொறியாளர்கள் பிஐடி என்று சொல்வது இதைத்தான். கப்பல்களைத் தானாகச் செலுத்துவதற்காக இதைக் கணிதமாக எழுதியவர் ரஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நிக்கோலஸ் மினோர்ஸ்கி. தேர்ந்த சுக்கான் பிடிப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தே அவர் அதை எழுதினார். கட்டுரை வந்த ஆண்டு 1922. அதே 1922 கோடையில்தான் மினசோட்டாவின் பெப்பின் ஏரியில் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர் முதன்முதலாகத் தண்ணீரில் சறுக்கினார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கக் காரணமில்லை.

மூன்றில் தகராறு பிடித்தது நடுவில் உள்ளது. சறுக்குபவரைத் தண்ணீரிலிருந்து கிளப்பும்போது படகு சுழியத்திலிருந்து தொடங்குகிறது. "குறைவாக இருக்கிறது, இன்னும் குறைவாகவே இருக்கிறது" என்று கருவி அப்போதே கணக்குச் சேர்த்துவிட்டால், 36 வந்த பிறகும் அந்தப் பழைய பாக்கி எஞ்சினைத் தள்ளிக்கொண்டே போகும். எண்ணெய் முதல்முறை காயும்போது இன்னும் காயவில்லையே என்று யாரும் நிமிடத்துக்கு ஒரு தரம் தீயை ஏற்றுவதில்லை. ஆகவே த்ராட்டில் நெம்புகோலைத் தள்ளிக் கிளப்புவது ஓட்டுபவர் வேலை. குறித்த வேகம் நெருங்கியதும்தான் கருவி ஏற்றுக்கொள்கிறது. பழைய படகுகளில் ஒரு சின்ன மோட்டார் த்ராட்டில் கம்பியை இழுத்துத் தளர்த்தும். இப்போது எஞ்சினின் கணினிக்கே நேராகக் கட்டளை போய்விடுகிறது.

வேக்சர்ஃபிங் என்று ஒரு பங்காளி விளையாட்டு உண்டு. கயிற்றை விட்டுவிட்டு அலையின் தள்ளுதலிலேயே போவது. அதற்கு 16 முதல் 19 கிலோமீட்டர் போதும். வேகம் குறைந்ததால் எளிது என்று நினைத்தால் ஏமாற்றம்தான், அடுப்படியும் இங்கே கைகொடுக்காது. அந்த வேகத்தில் படகு தானே கிளப்பிய அலைமேல் ஏற முயன்று, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஏறிக் கடந்துவிட்டால் தண்ணீரின் தடை தளர்ந்து, அதே த்ராட்டிலில் வேகம் தாவிவிடும். வடை சுடும் சூட்டில் எண்ணெய் இப்படித் திடீரென்று குணம் மாறுவதில்லை. அந்த மேட்டில் படகை நிறுத்தி வைக்கக் கையால் முயன்றவர்களுக்குத்தான் கருவியின் அருமை தெரியும். படகின் பின்னால் தண்ணீருக்குள் இறங்கும் தகடுகள் இந்த வேலையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன.

இத்தனை இருந்தும், பின்னால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது கருவிக்குத் தெரியாது. அவர் விழுந்துவிட்டால் சுமை குறைந்தது என்று மட்டும் புரிந்துகொண்டு, த்ராட்டிலைக் கொஞ்சம் தளர்த்தி அதே 36-இல் படகைக் கொண்டுபோகும். நெம்புகோலைப் பின்னிழுத்துத் திருப்பிக்கொண்டு வருவது மனிதர் வேலை. ஆளை இழுத்துப் போகும் படகில் பின்னால் பார்ப்பதற்கென்று இன்னொருவரோ, அகன்ற பார்வைக் கண்ணாடியோ இருக்க வேண்டும் என்று ஃப்ளோரிடா சட்டம் கேட்கிறது. படகில் எந்த வேகக் கருவி பூட்டியிருந்தாலும் இந்த விதியில் மாற்றமில்லை.