மருத்துவர் படுக்கையருகே வரும் வேளை

நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது என எண்ணுகிறோம். உண்மையில் சிகிச்சையின் முக்கியமான பகுதி அதன் பிறகே தொடங்குகிறது. சேர்த்த அன்று மருத்துவர் எழுதுவது அவரது முதல் கணிப்பு. அது சரிதானா, மருந்து வேலை செய்கிறதா, அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பனவற்றையெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் படுக்கையருகே வந்து பார்த்தே அவர் முடிவு செய்கிறார். ‘டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார்’ என்று நர்சுகள் பரபரப்பது இதற்காகத்தான்.

இவ்வழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. சுல்தான் நூருத்தீன் 1154இல் டமாஸ்கஸில் நிறுவிய மருத்துவமனையில் அபுல் மஜ்து இப்னு அபில் ஹகம் என்னும் மருத்துவர் பணியாற்றினார். அவர் ஒவ்வொரு நோயாளியையும் சுற்றிப் பார்த்து நிலையறிவார். அவர் எழுதித் தரும் மருந்தும் பத்திய உணவும் தாமதமின்றி வழங்கப்படும். பின்னர் மண்டபத்தில் அமர்ந்து மாணவர்களுடன் மருத்துவ நூல்களை ஆராய்வார். பதின்மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அன்றாடம் பார்ப்பது ஏன் இத்தனை அவசியம்? டெங்கு காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் தணிகிறது. ‘உடம்பு குளிர்ந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம்’ என்று உறவினர் அவசரப்படுவது அப்போதுதான். ஆனால் சிலருக்கு ஆபத்துக் காலம் தொடங்குவதும் அப்போதுதான்! அடுத்த 24 முதல் 48 மணி நேரத்திற்குள் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடக்கூடும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், அளவுமீறிய சோர்வு அல்லது அமைதியின்மை ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், மருத்துவர் வரும் நேரத்திற்காகக் காத்திராமல் உடனே நர்சிடம் சொல்லுங்கள். தெர்மாமீட்டரைப் பார்த்து நாம் நிம்மதி கொள்ளும் வேளையில், நாடியையும் சிறுநீரின் அளவையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் கவலை கொள்கிறார். அவர் ‘இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும்’ என்றால் அதைப் பணம் பறிக்கும் தந்திரம் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். காரணத்தைக் கேளுங்கள்.

மருத்துவர் நம் படுக்கையருகே நிற்பது சில நிமிடங்களே. அதை வீணாக்கலாமா? நால்வர் ஒரே நேரத்தில் பேசுவதைவிட, விவரமறிந்த ஒருவர் பேசுவது நலம். இரவில் நடந்ததை ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை முறை வாந்தி, சிறுநீர் போயிற்றா, உறங்கினாரா, எந்த மருந்துக்குப் பின் அரிப்போ மயக்கமோ வந்தது? வீட்டில் கொடுத்த கஷாயத்தையும் லேகியத்தையும் வலி மாத்திரையையும் மறைக்காதீர்கள். டெங்குவில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரத்தக் கசிவை அதிகமாக்கக்கூடும். பின்னர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: நேற்றைவிட இன்று எப்படி இருக்கிறார்? இன்று சிகிச்சையில் என்ன மாற்றம்? எதைக் கண்டால் உடனே உங்களை அழைக்க வேண்டும்?

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் நற்செயல். ஆயினும், மருத்துவர் வரும் நேரத்தில் கட்டிலைச் சூழ்ந்து நிற்பது நோயாளிக்குச் செய்யும் உதவியாகுமா? சற்று நேரம் இருந்து, ஆறுதல் கூறி, துஆச் செய்து திரும்புவதே அழகு.

நம் உரிமைகளையும் அறிந்திருப்போம். பெண் நோயாளியை ஆண் மருத்துவர் பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடனிருக்கலாம். மற்றொரு மருத்துவரின் கருத்தையும் நாடலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனம் இவற்றைக் கூறுகிறது. சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. தனியார் மருத்துவமனையில் மருத்துவரின் ஒவ்வொரு வருகைக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பில் வந்த பிறகு வாதிடுவதைவிட அது எளிது.

மருத்துவர் வருவதற்குமுன் அந்தத் தாளும் பேனாவும் தலையணை அருகே இருக்கட்டும். நோயைக் குணமாக்குபவன் அல்லாஹ்; அதற்கான முயற்சியில் குறை வைக்காதிருப்பது நம் பொறுப்பு.