என் மகனின் மேசையில் ஒரு பொம்பர்

2023 மார்ச் மாதம். மெல்பேர்ணிலிருந்து ஜீலோங் போகும் வழியிலுள்ள அவலொன் விமான நிலையத்தில் விமானக் கண்காட்சி. பதினான்கு வயது மகன் கேட்டான் என்பதற்காகப் போனோம். நல்ல வெயில், சனம் நிறைய, எங்கு பார்த்தாலும் மடக்குக் கதிரைகள். முதலாவது ஜெட் விமானம் தலைக்கு மேலால் கிழித்துக்கொண்டு போனபோது கூட்டம் கைதட்டியது. நான் தரையில் குந்தியிருந்தேன்.

இரண்டு கையாலும் காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி. குண்டு விழும்போது வாயைத் திறந்து வைத்திருந்தால் செவிப்பறை வெடிக்காது என்று சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. தலை மறந்ததை உடம்பு மறக்கவில்லை.

"அப்பா, ஆர் யூ ஓகே?" என்று மகன் கேட்டான். "சப்பாத்து நூல் கட்டினனான்" என்றேன். குனிந்து பார்த்தான். என் காலில் இருந்தது செருப்பு. அவன் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சில வாரங்களில் அவனுடைய பிறந்தநாள் வந்தது. சிட்னி வென்ற்வேர்த்வில்லில் இருக்கும் என் தங்கச்சி ஒரு பெட்டி அனுப்பியிருந்தாள். உள்ளே, எஃப்-86 சேபர் என்ற அமெரிக்க ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் கிட். உண்மையான விமானத்தில் 48 இல் ஒரு பங்கு. ஒட்டி முடித்தால் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் நீளம். நான் நினைத்தேன், ஒரு சனி ஞாயிறில் ஒட்டிவிட்டுத் தட்டில் வைத்துவிடுவான் என்று. அவனுக்கோ பெட்டியில் இருந்த விமானம் வேண்டாமாம். அதை வெட்டி, வேறொரு விமானமாக மாற்றப் போகிறானாம். அந்த விமானம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. செய்த இடம் மெல்பேர்ண்.

அன்றுவரை எனக்கு இது தெரியாது. வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறி இறங்கும் எத்தனையோ தமிழருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பாலத்துக்கு அருகே தெரிகிற பிஷர்மன்ஸ் பெண்ட் பகுதியில்தான் கொமன்வெல்த் எயார்கிராப்ட் கோப்பரேஷன் என்ற விமானத் தொழிற்சாலை இருந்தது. 1936 இல் தொடங்கிய நிறுவனம். 1950 களின் தொடக்கத்தில், அமெரிக்க சேபரை உரிமம் வாங்கி இங்கேயே கட்டுவது என்று முடிவானது. வரைபடம் அவர்களிடமிருந்து வரும், அதைப் பார்த்து அப்படியே செய்தால் போதும். ஆனால் நிறுவனத்தை நடத்திய லோரன்ஸ் வக்கெற்றும் அவருடைய பொறியியலாளர்களும் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்க இயந்திரத்துக்குப் பதிலாக, அதைவிடக் கூடிய வலுவுள்ள பிரித்தானிய ரோல்ஸ் ரொய்ஸ் ஏவொன் இயந்திரத்தைப் பொருத்துவது என்று தீர்மானித்தார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஏவொன், பழைய இயந்திரத்தைவிடக் கட்டை, அகலம் கூட, பாரம் குறைவு. பாரம் குறைந்தால் விமானத்தின் சமநிலை பிசகும். ஆகவே இயந்திரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்தார்கள். வலு கூடிய இயந்திரத்துக்குக் காற்றும் கூட வேண்டும். அதனால் மூக்குத் துவாரம் பெருக்க வேண்டி வந்தது. உடற்பகுதியை 3.5 அங்குலம் ஆழமாக்கினார்கள். கடைசியில் பார்த்தால், உடற்பகுதியில் ஏறக்குறைய 60 சதவீதம் புதிதாக வரையப்பட்டிருந்தது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு அதே சேபர்தான். திறந்து பார்த்தால் வேறு விமானம்.

அதன் முதல் மாதிரிக்குப் பெயர் சிஏ-26, இலக்கம் ஏ94-101. 1953 ஓகஸ்ட் 3 ஆம் திகதி முதல் தடவையாகப் பறந்தது. பறந்த இடம் அவலொன். நான் குந்தியிருந்த அதே அவலொன்.

மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். 3.5 அங்குலத்தை 48 ஆல் பிரித்தால் 1.85 மில்லிமீற்றர். ஒரு தீக்குச்சியின் தடிப்புக்கும் குறைவு. அந்த 1.85 மில்லிமீற்றருக்காக, புத்தம் புது கிட்டின் உடலை நுண்ணிய வாளால் நீளப்பாட்டுக்கு அறுத்தான். நடுவில் பிளாஸ்டிக் கீலம் செருகி ஒட்டினான். இடைவெளிக்குப் புட்டி வைத்து, காய விட்டு, நீர்த்தாளால் தேய்த்தான். தேய்த்ததில் விமானத்தின் தகட்டு மூட்டுக் கோடுகள் எல்லாம் அழிந்துபோயின. அவற்றை ஊசியால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கீறினான். மூக்கு வாயை அகட்டினான். முதலில் செய்தது கோணலாக வந்தது. அறுத்து மீண்டும் செய்தான். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் பசை மணம்.

வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் சும்மா இருப்பினமோ? "என்ன, பொடியன் பிளாஸ்ரிக் வெட்டி விளையாடுறான்? ரியூஷன் ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார்கள். அவன் அந்த நேரத்தில் சமநிலைப் புள்ளி என்றால் என்ன, ஓர் இயந்திரத்தை நகர்த்தினால் ஏன் முழு விமானத்தையும் திரும்ப வரைய வேண்டும் என்று தானாகப் படித்துக்கொண்டிருந்தான். அதற்குப் புள்ளி போட யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் என் பிரச்சினை ரியூஷன் இல்லை. என் பிரச்சினை அம்மா. எழுபத்தைந்து வயது. எங்களோடுதான் இருக்கிறா. சாப்பாட்டு மேசையில் ஒரு போர் விமானம் நாளுக்கு நாள் உருவாகி வருவதை அவ பார்த்துக்கொண்டே இருந்தா. ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கக் கதிரையில் இருந்து சாப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டா.

எனக்குக் காரணம் தெரியும். 1990 இல் எனக்குப் பத்து வயது. சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்லும் வயது. சியாமாசெட்டி ஒரு மாதிரி இரையும், அவ்ரோ இன்னொரு மாதிரி. கனத்த விமானம் ஒன்றுக்குச் சனம் "சகடை" என்று பெயர் வைத்திருந்தது. அடுத்த வருடம் வந்த ஜெட்டுக்கு "சுப்பர்சொனிக்" என்றார்கள். அது வந்து போன பிறகுதான் சத்தம் கேட்கும். எங்கள் விளையாட்டும் அதுதான். ஒருவன் கையை விரித்துக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் பங்கருக்குள் குதிப்போம். ஒருநாள் ரெஜிபோம் துண்டொன்றை பிளேட்டால் செதுக்கி ஒரு பொம்பர் செய்தேன். வாலும் செட்டையும் வைத்து, மையால் கண்ணாடி கீறி, நூலில் கட்டித் தொங்கவிட்டேன். என் வாழ்க்கையில் நான் முதன்முதல் ஒழுங்காகச் செய்த பொருள் அது.

அந்தக் கிழமை எங்கள் ஒழுங்கையில் குண்டு விழுந்தது. மூன்றாவது வீட்டில் இருந்தவர்கள் பங்கருக்குப் போய்ச் சேரவில்லை. அன்றிரவு அம்மா என் ரெஜிபோம் விமானத்தை அறுத்தெடுத்து அடுப்பில் போட்டா. அடிக்கவில்லை, பேசவில்லை. ரெஜிபோம் எரிந்த நாற்றம் மட்டும் இப்போதும் எனக்கு மூக்கில் இருக்கிறது. அதைப்பற்றி நாங்கள் இருவரும் அதற்குப் பிறகு ஒருநாளும் கதைத்ததில்லை.

இப்போது அதே அம்மாவின் முன்னால் பேரன் பொம்பர் செய்கிறான். நிறுத்தச் சொல்வதா? சொன்னால் ஏன் என்று கேட்பான். பதில் சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே நானும் அவனுக்குப் பக்கத்தில் இருந்து நீர்த்தாள் பிடித்தேன்.

அமெரிக்க சேபரின் மூக்கில், பக்கத்துக்கு மூன்றாக ஆறு துப்பாக்கித் துளைகள் உண்டு. ஒருநாள் இரவு மகன் அந்த ஆறையும் புட்டி வைத்து அடைக்கச் சொன்னான். நான் ஆசையாகவே செய்தேன். "நல்ல வேலை, துவக்கு இல்லாத பிளேன்" என்றும் சொல்லிவிட்டேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். "இல்லை அப்பா. அவுஸ்ரேலியன் சேபருக்கு ஆறு சின்னத் துவக்குக்குப் பதிலா ரெண்டு பெரிய கனன். தேர்ட்டி மில்லிமீற்றர். இது வோர் பிளேன்தான். நான் அப்பிடி இல்லை எண்டு நடிக்கேல்லை."

அப்போதுதான் அம்மா குசினியிலிருந்து வந்தா. மேசைக்குக் கிட்ட நின்று கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு விமானி இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, "உதுக்குள்ள ஒரு ஆள் இருப்பாரோ?" என்று கேட்டா.

"ஓம் அப்பம்மா, ஒரு பைலற்."

"அவருக்குக் கீழ இருக்கிற ஆக்களைத் தெரியுமோ?"

மகன் யோசித்தான். "பதிவாப் பறந்தா கொஞ்சம் தெரியும். உயரத்தில இருந்தா தெரியாது" என்றான்.

அம்மா கதிரையை இழுத்து இருந்தா. அந்தப் பழைய இடத்திலேயே. "அப்ப தெரிஞ்சிருக்கும்" என்றா. பிறகு ஒழுங்கையைப் பற்றிச் சொன்னா. மூன்றாவது வீட்டைப் பற்றி. பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை வைத்து எங்கள் பங்கரை அப்பா வெட்டின கதையை. கடைசியாக, ரெஜிபோம் விமானத்தைப் பற்றி. "உன்ர அப்பன் நல்லாத்தான் செய்திருந்தவன். அதுதான் எனக்குப் பயமாய் இருந்தது. அவ்வளவு வடிவாய் அதைப் பாத்து வைச்சிருக்கிறானே எண்டு." முப்பத்துமூன்று வருடம் கழித்து எனக்குக் கிடைத்த பாராட்டு.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் யுத்தத்தை இரண்டு விதமாகத்தான் கொடுத்திருக்கிறோம். ஒன்று மேடை. மற்றது மௌனம். நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயம் என்றால் 1995 ஜூலை 9 என்று திகதி சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, தன் தகப்பன் ஏன் அவலொனில் குந்தினான் என்று தெரியாது. மேடையில் சொல்வதை மேடையில் சொல்லட்டும், அது வேண்டியதுதான். ஆனால் வீட்டுக் கதையை வீட்டில்தான் சொல்ல முடியும். அதற்கு மேசையில் ஏதாவது ஒரு சாட்டு வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் சாட்டு ஒரு பிளாஸ்டிக் கிட். உங்கள் வீட்டில் அது கிரிக்கெட் மட்டையாக, சமையலாக, பிள்ளையின் பள்ளிக்கூட அசைன்மென்ற் ஒன்றாக இருக்கலாம். "உதெல்லாம் என்னத்துக்கு?" என்று கேட்கிற முன்னால், பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்து பாருங்கள்.

விமானம் கடைசியில் வெள்ளி நிறத்தில் முடிந்தது. அதன் வட்டச் சின்னத்தில் கங்காரு இல்லை. அவுஸ்திரேலிய விமானப்படைக்குக் கங்காருச் சின்னம் 1956 இல்தான் வந்தது. அமெரிக்க உருவம், பிரித்தானிய இயந்திரம், பிரித்தானியச் சின்னம், மெல்பேர்ண் வேலை. அந்த ஒரு முதல் மாதிரியிலிருந்து மொத்தம் 112 சேபர்கள் வந்தன. சில, 1958 முதல் மலாயாவின் பட்டர்வேர்த் தளத்தில் நின்றன. பிறகு சில மலேசிய விமானப்படைக்கே கொடுக்கப்பட்டன. அப்படிப் போய்த் திரும்பி வந்த ஏ94-983, நியூ சவுத் வேல்ஸின் ரெமோரா விமான அருங்காட்சியகத்தில் பறந்து காட்டியது. பட்டர்வேர்த்தைச் சுற்றி வாழ்ந்த தமிழர்களும் அந்தச் சத்தத்தை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அவர்கள் வேறு கதை வைத்திருக்கக்கூடும்.

மாதிரி இப்போது மகனின் அறையில் இருக்கிறது. சாப்பாட்டு அறையில் வேண்டாம் என்று அம்மா சொன்னா, அவன் மறுபேச்சில்லாமல் எடுத்துப்போனான்.

2025 மார்ச்சில் மறுபடியும் அவலொனுக்குப் போனோம். இந்த முறை நான்தான் கேட்டேன். மகன் எனக்கு முன்னால் நின்று வானத்தையும் நிகழ்ச்சி நிரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஜெட்டுக்கும் முன்னால் திரும்பி, "அப்பா, இப்ப வரும்" என்றான். வந்தது. காதைப் பொத்தினேன். குந்தவில்லை.