ஓர் அறை, ஒரு விளக்கு, கொஞ்சம் பயம்

காசில்லாத இளைஞர்கள் மனோதத்துவ த்ரில்லர் குறும்படத்தைத் தேடிப் போவது ஏன்? அதில் எது மலிவு, எது மலிவல்ல?

ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில் இருக்கிறது வெதுருகுப்பம். இந்த வட்டாரத்திலிருந்து சினிமாவுக்குக் கிளம்பும் இளைஞனுக்கு இரண்டு திசைகள். ஒரு பக்கம் சென்னை, சில மணி நேர பஸ் பயணம். இன்னொரு பக்கம் ஹைதராபாத், ஓர் இரவு முழுக்கப் போக வேண்டும். எங்கே போனாலும் முன்பெல்லாம் காத்திருந்தது ஒன்றுதான்: உதவி இயக்குநர் என்ற பெயரில் ஐந்தோ பத்தோ வருடங்கள், கையில் கிளாப் போர்டு, வயிற்றில் டீ.

இன்று அவன் முதலில் பஸ் ஏறுவதில்லை. செல்போனை எடுக்கிறான். நண்பன் வீட்டில் ஓர் அறையை இரண்டு இரவுகளுக்குக் கேட்டு வாங்குகிறான். வெதுருகுப்பமானாலும் வேடசந்தூரானாலும், அப்படி எடுக்கப்படும் குறும்படங்களில் ஒரு ரகம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது: மனோதத்துவ த்ரில்லர். தனியாக இருக்கும் ஒருவன், கதவு தட்டும் சத்தம், கண்ணாடியில் ஒரு நிழல், கடைசி நிமிடத்தில் ஒரு திருப்பம்.

காரணம் புரியாத ரகசியமில்லை. காதல் கதைக்குப் பாட்டும் ஊரும் வேண்டும். சண்டைப் படத்துக்கு ஆள் வேண்டும். பயத்துக்கு எதுவும் வேண்டாம். ஆள் குறைந்தால் தனிமை, விளக்கு குறைந்தால் இருட்டு, இடம் குறைந்தால் மூச்சுமுட்டல். மற்ற படங்களில் வறுமையாகத் தெரிவதெல்லாம் இங்கே சூழலாகிவிடுகிறது. இரவில் படப்பிடிப்பு என்பதுகூடப் பாதி கலை, பாதி நிர்ப்பந்தம். நடிக்கும் நண்பர்களுக்குப் பகலில் வேலை இருக்கிறதே.

இந்த வழியில் முன்னே போனவர்கள் சாதாரணமானவர்களல்ல. கிறிஸ்டோபர் நோலன் 1997 இல் எடுத்த 'டூடுல்பக்' மூன்றே நிமிடம். அழுக்கடைந்த அறையில் ஒருவன் கையில் ஷூவுடன் ஏதோ பூச்சியைத் துரத்துகிறான். அது பூச்சியல்ல, அவனேதான், சிறிய உருவத்தில். அடித்துக் கொல்கிறான். அடுத்த கணம் அவனுக்குப் பின்னால் அவனைவிடப் பெரிய அவனே ஷூவுடன் நிற்கிறான். ஒரு நடிகர், ஓர் அறை, கறுப்பு வெள்ளை. மறு வருடம் வந்த அவரது முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்' சுமார் ஆறாயிரம் டாலரில் உருவானது. வேலைக்குப் போகும் நண்பர்களை வைத்து, வார விடுமுறைகளில் மட்டும், ஏறக்குறைய ஒரு வருடம் எடுத்தார்கள். பிலிம் வீணாகக் கூடாது என்பதற்காக நாடகம் போலப் பல முறை ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள்.

சுவீடனின் டேவிட் சாண்ட்பெர்க் கதை இன்னும் சுவாரசியம். 2013 இல் ஒரு குறும்படப் போட்டிக்காகத் தன் வீட்டிலேயே 'லைட்ஸ் அவுட்' எடுத்தார். நடித்தவர் அவரது மனைவி. ஒரு பெண் விளக்கை அணைக்கிறாள். இருட்டில் ஓர் உருவம் நிற்கிறது. போடுகிறாள், யாருமில்லை. மறுபடி அணைக்கிறாள், நிற்கிறது. இரண்டரை நிமிடம்தான். இணையத்தில் உலகம் முழுவதும் பரவிய அந்தப் படம் ஹாலிவுட் கதவைத் திறந்தது. 2016 இல் அதே பெயரில் சுமார் 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட முழுநீளப் படம் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

தமிழுக்கும் இது புதிதல்ல. பாட்டு, நடனம், சண்டை எதுவுமில்லாமல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தது 1954 இல். 1980 இல் பாலு மகேந்திரா, ராஜேந்திரகுமாரின் நாவலை 'மூடுபனி' ஆக்கினார். அதில் மனம் குலைந்த கொலையாளியாக நடித்தவர் பிரதாப் போத்தன். முப்பது வருடம் கழித்து அதே பிரதாப் போத்தன், மதனுடன் சேர்ந்து, கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் நடுவராக உட்கார்ந்து இளைஞர்களின் குறும்படங்களுக்கு மதிப்பெண் போட்டார்.

அந்த முதல் சுற்றில் இருந்தவர்களில் ஒருவர் கார்த்திக் சுப்பராஜ். மதுரைக்காரர், சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர். அவருடைய குறும்படங்களில் நடித்தவர்களில் ஒருவர், அப்போது அதிகம் அறியப்படாத விஜய் சேதுபதி. கார்த்திக் முதலில் எடுக்க விரும்பியது 'ஜிகர்தண்டா'. அதற்கான பணம் போட ஆளில்லை. குறைந்த செலவில் முடியக்கூடிய கதையாக அவர் எழுதியதுதான் 2012 அக்டோபரில் வந்த 'பீட்சா'. செலவு சுமார் ஒன்றரைக் கோடி என்றார்கள். பூட்டிய பங்களாவுக்குள் டார்ச் லைட்டுடன் மாட்டிக்கொண்ட ஒரு பீட்சா டெலிவரி ஆள்: படத்தின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

ஆனால் 'பீட்சா' நின்றது இருட்டினால் அல்ல. பேய்க் கதை முழுவதும் கதாநாயகன் கட்டிவிட்ட கதை, அதற்கு அவனிடம் உருப்படியான ஒரு காரணம் இருக்கிறது என்று தெரியும்போது, பார்த்த ஒவ்வொரு காட்சிக்கும் இன்னொரு அர்த்தம் வருகிறது. இருட்டு மலிவு. காரணம்தான் மலிவல்ல. பல குறும்படங்கள் கவிழ்வது இங்கேதான்.

கடைசி நிமிடத்தில் "எல்லாம் அவன் மனப்பிரமை" என்று ஒரு வரி. மேஜைமேல் மாத்திரை டப்பா, சுவரில் ஒரு டாக்டர் சீட்டு. கதைக்கு விடை கிடைக்காதபோது மனநோய் விடையாகிவிடுகிறது. ஸ்கிஸோஃப்ரினியாவுக்கு நாம் வைத்த மனச்சிதைவு என்ற பெயரே, ஒரு உடம்பில் இரண்டு ஆட்கள் என்ற தப்பெண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது. அது வேறு கோளாறு, இது வேறு. இல்லாத குரல்கள் கேட்பதும், யாரோ தனக்குத் தீங்கு நினைப்பதாக நம்புவதும் மனச்சிதைவில் வரலாம். கத்தியைத் தூக்குவது அதன் இலக்கணமல்ல. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். தப்பி ஓடக்கூட முடியாதவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களைக் கண்டு பயப்படச் சொல்லும் படம் யாருக்கு என்ன செய்கிறது என்று எடுப்பவன் ஒரு தடவையாவது யோசிக்க வேண்டும்.

மலிவில்லாத இன்னொன்று சத்தம். படம் கொஞ்சம் மங்கினால் 'இருட்டு' என்று பார்ப்பவர் மன்னித்துவிடுவார். வசனம் கேட்காவிட்டால் மன்னிக்க மாட்டார். இரவு இரண்டு மணிக்கு எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த காட்சியில், மறுநாள் போட்டுப் பார்த்தால் பக்கத்து அறை ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும். ஃபேனை நிறுத்தினால் நடிகருக்கு வேர்க்கிறது. நிறுத்தாவிட்டால் ஒலி போகிறது. டியூப் லைட் வெளிச்சத்தில் படம் துடிக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கேமராவின் ஷட்டரை ஐம்பதில் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் துடிப்பு அடங்கும். இதையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்வதில்லை. ஒரு படம் கெட்டால்தான் தெரிகிறது. முதல் குறும்படத்தின் உண்மையான செலவு அதுதான்.

பிறகு என்ன ஆகிறது? வங்கி வேலையில் இருந்த லோகேஷ் கனகராஜின் குறும்படம் 'களம்', 2016 இல் 'அவியல்' என்ற தொகுப்பில் தியேட்டருக்கு வந்தது. அடுத்த வருடமே 'மாநகரம்'. கோவையின் கார்த்திக் நரேன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, குறும்படங்களில் கை பழகி, குடும்பப் பணத்தில் 22 வயதில் 'துருவங்கள் பதினாறு' கொடுத்தார். அவரது அடுத்த படம் 'நரகாசூரன்' எடுத்து முடித்தும் பல ஆண்டுகள் பெட்டிக்குள் முடங்கியது. வென்றவர்கள் பாதையிலும் பள்ளம் இருக்கிறது. விட்ட வேலையும் செலவழித்த சேமிப்பும் திரும்பி வராமல் போனவர்களின் பெயர் எந்தப் போஸ்டரிலும் இருப்பதில்லை. வென்றவர்களின் பட்டியலைப் பார்த்து ராஜினாமாக் கடிதம் எழுதுவதற்கு முன், நோலன் குழுவினர் வேலையை விடாமல் வார விடுமுறையில் படம் எடுத்ததை நினைத்துக்கொள்வது நல்லது.

வெதுருகுப்பத்திலிருந்து கிளம்பும் பையன் ஒருநாள் பஸ் ஏறத்தான் போகிறான். ஆனால் இந்த முறை கையில் பயோடேட்டா மட்டுமல்ல, பத்து நிமிடப் படமும் இருக்கும். அதைப் பார்க்கும் தயாரிப்பாளர் ஒரு நிமிடம் பார்ப்பார், பிடித்தால் மேலே பார்ப்பார். அவன் தொடங்கியதை முடிக்கத் தெரிந்தவன் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அடுத்த படம் எடுக்கும்போது ஃபிரிட்ஜை மட்டும் மறக்காமல் நிறுத்திவிட வேண்டும்.