எண்டமீபாவின் ரெட்ரோடிரான்ஸ்போசான்களும் அவற்றின் புரத ஆக்கமும்

முன்னுரை

வடசென்னையின் கழிவுநீரில் ஒரு பகுதி கொடுங்கையூர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்கிறது. அங்கு மூன்றாம் நிலைச் சுத்திகரிப்புக்கு உட்படும் நீர் மணலித் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. கழிவுநீர் குடிநீரோடு கலக்க நேர்ந்தால் பரவக்கூடிய ஒட்டுண்ணிகளுள் ஒன்று எண்டமீபா ஹிஸ்டோலிடிகா. சீதபேதியையும் கல்லீரல் சீழ்க்கட்டியையும் உண்டாக்கும் இதன் உறைக்கூடுகள் வழக்கமான அளவு குளோரினைத் தாங்குபவை. நோய் ஒரே மூலத்திலிருந்து பரவியதா, பலவற்றிலிருந்தா என்பதை அறிய ஒட்டுண்ணியின் திரிபுகளைப் பிரித்தறிய வேண்டும். அதற்கு உதவும் அடையாளங்களுள் ஒன்று, அதன் மரபணுத்தொகுதியில் ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் அமர்ந்துள்ள இடங்கள். ஆகவே அவை பெருகும் முறை நோய்ப்பரவலியலுக்கும் உரிய வினாவாகிறது.

இரு புரதங்கள், இரு அளவுகள்

ரெட்ரோடிரான்ஸ்போசான் முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது, பின்னர் அந்த ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக மாறிப் புதிய இடத்தில் சேர்கிறது. இதற்கு ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து காக்கும் புரதம் மிகுதியாகவும், டி.என்.ஏ.வை வெட்டித் தலைகீழ்ப் படியெடுக்கும் நொதி சிறிதளவும் தேவை. ஒரே ஆர்.என்.ஏ.விலிருந்து இவ்வேறுபட்ட அளவுகளைப் பெறும் வழி இனத்துக்கு இனம் மாறுகிறது. ஈஸ்டின் டி.ஒய்.1 கூறில், ரைபோசோம்களுள் ஒரு சிறு பங்கு மட்டும் ஓர் எழுத்து முன்னோக்கி நழுவி நொதிப் பகுதியையும் வாசிக்கிறது. மனிதரின் லைன்-1 கூறில் ஒரே ஆர்.என்.ஏ. இரு வாசிப்புச் சட்டகங்களைக் கொண்டது. இரண்டாவது புரதம் மிகக் குறைவாகவே உருவாகிறது. அது பெரும்பாலும் தன்னை உருவாக்கிய ஆர்.என்.ஏ.வையே பற்றிக்கொள்கிறது. இந்தப் பற்று முழுமையானதன்று. புரதமே இல்லாத ஆலு கூறுகள் அந்த நொதியைக் கடன்கொண்டே பெருகியுள்ளன.

எண்டமீபாவில் காணப்படும் முரண்

எண்டமீபாவின் லைன்1 ஏறத்தாழ 4,800 இணைகள் நீளமுடையது. இதிலும் இரு சட்டகங்கள் உள்ளன. முதற்புரதம் நியூக்ளிக் அமிலத்தோடு பிணைவது. இரண்டாவதில் தலைகீழ்ப் படியெடுப்புப் பகுதியும் வெட்டுநொதிப் பகுதியும் அமைந்துள்ளன. வெட்டுநொதி இலக்கு டி.என்.ஏ.வின் ஓர் இழையைத் துண்டிக்க, அவ்வெட்டுமுனையே படியெடுப்பின் தொடக்கமாகிறது. இவ்வழிமுறை 1993இல் பட்டுப்புழுவின் ஆர்2 கூறில் நிறுவப்பட்டது. சுமார் 550 இணைகள் கொண்ட சைன்1 கூறுக்குப் புரதம் எதுவும் இல்லை; லைன்1இன் நொதியையே அது சார்ந்துள்ளது.

புதுதில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சுதா பட்டாச்சார்யா குழுவினர் இவற்றை நெடுங்காலம் ஆராய்ந்துள்ளனர். படியெடுப்புப் பகுதிக்கு நேரிழை ஆர்.என்.ஏ. அரிதாகவும், அதற்கு எதிரான இழை பெருமளவிலும் காணப்படுவதாக 2021இல் அவர்கள் தெரிவித்தனர். முதற்சட்டகமோ நன்கு வெளிப்படுகிறது. அதாவது பொதிவுப் புரதம் கிடைக்கும் உயிரணுவில் நொதி ஏறக்குறைய முடக்கி வைக்கப்பட்டுள்ளது எனக் கருதலாம். எதிரிழையே தடையாகச் செயல்படுகிறது என்பது ஏற்கத்தக்க கருத்தாயினும், எதிரிழை மிகுந்திருப்பது மட்டுமே அதற்குச் சான்றாகாது.

முன்னதாக 2012இல் அக்குழுவினர் இரண்டாம் புரதத்தை ஒட்டுண்ணியில் மிகையாக வெளிப்படுத்தினர். அடையாளமிட்ட சைன் கூறு புதிய இடங்களுக்குத் தாவியது. நொதி கிடைத்தால் பெருக்கம் நிகழும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது: புதிய படிகள் பலவற்றில் அடையாள வரிசை மாறியிருந்தது, அவை வெவ்வேறு சைன் கூறுகள் தம்முள் இணைந்து உருவான மறுசேர்க்கைகள்.

திரிபுகளைப் பிரித்தறிவோர் இதனைக் கருத்தில் கொள்வது நன்று. சைன் கூறுகளின் அமர்விடங்கள் திரிபுக்குத் திரிபு வேறுபடுவதை 2013இல் வெளிவந்த ஒப்பீடு காட்டியது. ஒரு முறை அமர்ந்த கூறு பொதுவாக வழுவின்றி வெளியேறுவதில்லை. எனவே இடம் நம்பகமான அடையாளம். கூறின் உள்வரிசை அப்படிப்பட்டதன்று. இரு மாதிரிகளின் சைன் வரிசை ஒத்திருப்பதை மட்டும் கொண்டு அவை ஒரே நீர்மூலத்திலிருந்து வந்தவை எனக் கூற இயலாது. அக்கூறின் இருபுறமும் உள்ள டி.என்.ஏ.வையும் வாசித்தாக வேண்டும்.