பொருந்துதலும் தாங்குதலும்

ஒரு பொருள் மற்றொரு பொருளினுட் சென்று செவ்வையாக அமைதல் ஒன்று. உட்சென்ற பொருளின் வேகத்தை மற்றையது பொறுத்து நிற்றல் இன்னொன்று. முன்னையதைப் பொருந்துதல் என்றும் பின்னையதைத் தாங்குதல் என்றும் கூறுவோம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் உலகிற் பலர். அம்மயக்கத்தாற் சிலவிடத்துச் சிறு நட்டமே விளையும். சிலவிடத்தோ கையும் கண்ணும் உயிரும் போகும். அமெரிக்க நாட்டிலே பழைய படைக்கலம் ஒன்றன்பால் நேர்ந்த அத்தகைய மயக்கத்தையே ஈண்டு எடுத்துக்கொண்டோம்.

தமிழ்ப் பண்டிதனுக்குத் துப்பாக்கியோடு யாது தொடர்பு எனச் சிலர் வினவக்கூடும். இஃது இரும்பைப் பற்றிய செய்தி மாத்திரமன்று; அளவறியாமையைப் பற்றிய செய்தியுமாகும். வலியறிதல் என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இது புறம்பான பொருளன்று.

றிவோல்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் நடுவே ஆறு அறைகளையுடைய உருளை ஒன்று சுழலும். ஒவ்வோர் அறையினுள்ளும் ஒரு தோட்டா இருக்கும். தோட்டாவாவது, பித்தளைக் கோதினுள் வெடிமருந்தை இட்டு அதன் வாயிலே சன்னத்தைப் பொருத்தியது. மருந்து தீப்பற்றியதும் வாயுவாகி விரியும். அவ்விரிவு சன்னத்தை முன்னே தள்ளுவதோடு அமையாது, அறையின் சுவரை நாற்புறமும் நெருக்கும். கோதினைப் பின்னோக்கியும் உதைக்கும். ஆதலின், துப்பாக்கியை ஆக்குவோன் இன்ன மருந்து இவ்வளவு அமுக்கத்தை உண்டாக்கும் என்று கணித்து, அதற்கேற்பவே உருளையின் சுவருக்குத் தடிப்பும் சட்டத்துக்கு உறுதியும் வகுப்பான்.

பேர்மிங்ஹாம் நகரத்து வெப்லி அன்ட் ஸ்கொட் நிறுவனத்தாரின் றிவோல்வரில் ஆறாம் மாதிரியைப் பிரித்தானியப் படை 1915 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. முதலாம் உலகப் போரின் சேற்றிலும் நீரிலும் உழைத்துப் பெயர் பெற்ற கருவி அது. அதன் சட்டம் ஒரே துண்டன்று. குழலின் கீழே ஒரு பிணைச்சலும், உருளையின் பின்னே மேற்புறத்தில் ஒரு கொளுவியும் உண்டு. கொளுவியை விடுத்தாற் கருவி மடிந்து திறக்கும். வெற்றுக் கோதுகள் ஒருங்கே வெளிப்படும். விரைந்து நிரப்புதற்கு இவ்வமைப்பு மிக வாய்ப்பானது. ஆயின், வெடிக்கும்போதெல்லாம் அவ்வுதைப்பைப் பிணைச்சலும் கொளுவியுமே தாங்கவேண்டும். அதற்கு உரிய தோட்டாவின் சன்னம் 265 கிறெயின் எடையுடையது. செக்கனுக்கு ஏறத்தாழ 600 அடி வேகத்திற் செல்வது. கனத்த சன்னம், மெல்லிய வேகம். அத்தோட்டாவின் உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 13,000 இறாத்தல்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படைக்கு வேண்டாதனவாய் மிஞ்சிய வெப்லிகள் பல அமெரிக்காவுக்குச் சென்று மலிவாக விலைப்பட்டன. கருவி மலிந்தது, அதற்குரிய ஆங்கிலத் தோட்டாவோ அங்கு அரிதாயிற்று. ஆனால், 1911 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் படை ஏற்ற கோல்ற் தன்னியக்கப் பிஸ்டலுக்குரிய நாற்பத்தைந்து ஏ.சி.பி. தோட்டா அந்நாட்டின் கடைதோறும் கிடைத்தது. இரண்டினதும் பருமை ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு அடிப்புறத்திலேதான் கண்ணுக்குப் புலனாயிற்று. ஆங்கிலத் தோட்டாவுக்கு அறையின் விளிம்பிற் படிந்து நிற்க வெளியே நீண்ட ஒரு விளிம்பு உண்டு. ஏ.சி.பி. தோட்டாவுக்கு அது இல்லை, பள்ளமே உண்டு. அப்பள்ளத்தைப் பற்றி மூன்று தோட்டாக்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிறைவடிவான தகடுகள் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே அமெரிக்க றிவோல்வர்களுக்கென அமைந்திருந்தன. அத்தகட்டுக்கு இடம் வேண்டும் அன்றோ? உருளையின் பின்முகத்தைச் சிறிது கடைந்து குறைத்தார்கள். தகடு அமைந்தது, தோட்டா அமைந்தது, கொளுவியும் இனிது பூட்டிக்கொண்டது.

பொருத்தம் இவ்வாறு நிறைவெய்திற்று. தாங்குதலின் நிலை யாது? ஏ.சி.பி. தோட்டாவுக்கு வகுத்த உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 21,000 இறாத்தல். வெப்லிக்கு உரியதினும் இது ஒன்றரை மடங்குக்கு மேற்பட்டது. கடைந்தவர்கள் நீளத்தைத் திருத்தினார்களேயன்றி இரும்பின் வலிமையைக் கூட்டினார்களில்லை. உள்ள இரும்பிலும் ஒரு சிறிது குறைத்தார்கள் என்பதே உண்மை. மேலதிக மருந்திட்ட வகைகளும் கடைகளில் உண்டு. அவற்றின் எல்லை 23,000 இறாத்தல் வரை செல்லும்.

இங்கிலாந்திலே துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் வழக்கம் பழையது. இலண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637 ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்ஹாமின் சோதனைச் சாலை 1813 ஆம் ஆண்டிற் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனைக்கென வழக்கத்தினும் வலிய தோட்டாவை ஒருமுறை வெடித்துப் பார்த்து, சிதையாத கருவிக்கே முத்திரை இடுவர். 1954 ஆம் ஆண்டின் விதிகளின்படி, அக்கருவிக்கு உரிய அமுக்கம் சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் என்பதையும் பொறித்தனர். கடைந்த வெப்லியில் வழக்கமான ஏ.சி.பி. தோட்டாவை இடுதல் இச்சோதனை வேட்டை ஒத்ததே, அன்றி அதனினும் மிக்கதே எனத் துப்பாக்கி வினைஞர் எச்சரிப்பர். ஒருமுறை தாங்குதற்கென வகுத்த சோதனையை ஒவ்வொரு வேட்டிலும் செய்வது எத்துணைப் பேதைமை!

ஆயினும், பலர் வெடித்துப் பார்த்தனர், ஒன்றும் நேரவில்லை. இங்கேதான் பேராபத்து மறைந்து கிடக்கின்றது. இரும்பு தன் நோவை வாய்விட்டுச் சொல்வதில்லை. துலாக்கயிற்றின் புரிகள் ஒவ்வொன்றாய் அறும்போது வாளி வழக்கம்போலவே நீரோடு மேலே வரும். கடைசிப் புரி அறும் நாளிலேதான் அது கிணற்றில் வீழும். அவ்வாறே, அளவு கடந்த ஒவ்வொரு வேட்டிலும் கொளுவி சிறிது தளரும்; சட்டம் சிறிது நெகிழும்; அறைச்சுவரிற் கண்ணுக்குத் தெரியாத கீறல் சிறிது நீளும். ஒருநாள் உருளையின் மேற்பகுதி பிளந்து, மேற்சட்டத்தையும் பெயர்த்துக்கொண்டு பறக்கும். பிடித்த கைக்கும் முகத்துக்கும் மாத்திரமன்றி, அயலில் நிற்பவனுக்கும் அது கேடாகும்.

முன்பு தாங்கியது இனியும் தாங்கும் என்னும் நம்பிக்கை எத்தகையது என்பதற்கு வரலாறு ஒரு சான்று தருகின்றது. 1844 ஆம் ஆண்டு பெப்ரவரி 28 ஆம் திகதி, பொற்றோமக் ஆற்றிலே பிறின்ஸ்ரன் என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் விருந்தினரை ஏற்றிச் சென்றது. ஜனாதிபதி ஜோன் ரைலரும் அதில் இருந்தார். கப்பலில் இருந்த பெரும் பீரங்கிக்குச் ‘சமாதானஞ் செய்வோன்’ என்பது பெயர். எறிக்சன் என்னும் பொறியியலாளரின் பீரங்கியைப் பார்த்துச் செய்யப்பட்ட அதனில், முன்னையதற்கு இருந்த வலுவூட்டும் இரும்பு வளையங்கள் இல்லை. அன்று பகலில் அது தீங்கின்றி முழங்கிற்று; விருந்தினர் மகிழ்ந்தனர். இன்னும் ஒருமுறை முழங்குக என விரும்பினர். அம்முழக்கிலே பீரங்கி பிளந்தது. அரசுச் செயலாளர் ஏபெல் அப்ஷரும் கடற்படைச் செயலாளர் தொமஸ் கில்மரும் உட்பட அறுவர் மாண்டனர். கீழ்த்தட்டில் இருந்தமையால் ஜனாதிபதி தப்பினார்.

வெப்லியின் கதையில் இன்னோர் இடருமுண்டு. கடைந்தவன் அறிந்ததை அவனிடம் வாங்கியவன் அறியான். வாங்கியவனின் மகன் அதனினும் அறியான். மேசை இழுப்பறையிலே பாட்டனாரின் துப்பாக்கியைக் காணும் இளைஞன், கடைத் தோட்டாவை இட்டுப் பார்ப்பான். அது பொருந்தும். பொருந்துகின்றமையால் இதுவே உரியது என்று துணிவான். குறைத்த உருளையில் ஆங்கிலத் தோட்டா செவ்வனே வெடிக்காமையும் அவன் துணிவை வலியுறுத்தும்.

செயற்பாலது யாதெனின், கடைந்த வெப்லியை வைத்திருப்போர் முதலில் அதனை அறிவுடைய வினைஞனிடம் காட்டி ஆராய்தல் வேண்டும். உருளையும் சட்டமும் குற்றமற்றனவாயின், ஏ.சி.பி. கோதினுள் வெப்லியின் பழைய அமுக்கத்துக்கு அடங்குமாறு மருந்தைக் குறைத்து நிரப்பிய தோட்டாவையே வழங்குதல் வேண்டும். ஐயம் எழுமாயின் சுவரிலே தொங்கவிடுவதே தக்கது. கைம்மாறும்போது அக்கருவி மாற்றப்பட்டது என்பதை எழுத்தில் எழுதிக் கொடுத்தல் விற்பவன் கடன்.

ஏட்டெழுத்தைப் பிழையாகப் படித்தவன் பொருளை இழப்பான், பின்பு திருத்திக்கொள்ளலாம். இரும்பிலே பொறித்த சிற்றெழுத்தைப் படியாது விட்டவனுக்கு அவ்வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஆதலால், தோட்டா அறையினுள் நுழைந்ததா என்று பார்ப்பதற்கு முன்னர், அதனைத் தாங்குவதற்கென்றுதான் அவ்வறை ஆக்கப்பட்டதா என்று கேட்கக் கடவோம்.